நல்ல சேதி போனில் வேண்டாம்

தஞ்சாவூர்
12 ஜனவரி 2025

அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா.

உங்கள் ஊரிலிருந்து தினமும் இங்கே வேலைக்கு வரும் அமிர்தம் அக்கா ரயிலை விட்டு இறங்கியதும் பையைக் கொடுத்தார். நீங்கள் சுட்டு அனுப்பிய இறால் வாடா ஆறிப்போயிருந்தது, உங்கள் கடிதம் மட்டும் சூடாகவே இருந்தது. ஒரு பிள்ளைக்கு எத்தனை ஸ்வெட்டர் என்று திட்டியிருக்கிறீர்கள். மார்கழிப் பனி, லாத்தா. கடற்காற்று வேறு. அஃப்ரீனின் மூச்சில் கர்ரென்று சத்தம் கேட்டால் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தையல் மெஷின் பக்கம் தவழ விடாதீர்கள். கொசுவலைக்குள்ளேயே கொசு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் போன கடிதத்திலும் எழுதினேன் என்று எனக்கே தெரியும்.

நேற்று நீடாமங்கலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டி. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது, இனிக் கொஞ்ச நாளைக்கு எங்களுக்கு இதுதான் பிழைப்பு. என்ஜினைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய் மாட்டுகிற வரைக்கும் கேட் மூடியே கிடந்தது. பஸ்ஸும் லாரியுமாகக் கடைத்தெரு வரை வரிசை. ஒரு பைக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டியதும் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். என் லோகோ பைலட் செந்தில்குமார் சார் சொன்னார்: "இனிமே இந்த ஊர்ல நீயே ஜன்னல்ல நில்லும்மா. நான் வாங்குனதெல்லாம் போதும்."

இப்போது சேதிக்கு வருகிறேன். பயிற்சிக்கு என் பெயர் வந்திருக்கிறது. பெருநாள் முடிந்ததும் திருச்சி. இதுவரை நான் துணைதான். சிக்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது, வழியில் வண்டி நின்றால் இறங்கி ஓடிப்போய்ப் பார்ப்பது. பயிற்சி முடித்தால் சரக்கு வண்டி என் கைக்கே வரும்.

உங்களுக்கு நன்றி சொன்னால் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். பேறுகால விடுப்பு முடிந்தபோது உங்கள் தம்பி மஸ்கட்டில் இருந்தார். என் உம்மா வலங்கைமானில், படுக்கையில் கிடக்கும் வாப்பாவை விட்டு நகர முடியாமல் இருந்தார். உறவு மொத்தமும் வேலையை விடச் சொன்னது. நீங்கள்தான் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "புள்ளய இங்க விட்டுட்டுப் போ. ரயில் ஓட்டுற பொம்பள நம்ம வீட்ல ஒருத்தி இருக்கட்டும்" என்றீர்கள். ஒவ்வொரு தடவை என்ஜினில் ஏறும்போதும் அந்தக் குரல்தான் என்னை ஏற்றிவிடுகிறது.

நம் பேச்சை மறக்காதீர்கள். போனில் உங்களிடமிருந்து ஏதாவது வந்தால் அது ஆஸ்பத்திரிச் சேதியாக மட்டும்தான் இருக்க வேண்டும். வண்டியில் போனை அணைத்து வைக்க வேண்டும். இறங்கி அதைத் திறந்ததும் உங்கள் பெயரில் வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்த அந்த முதல் வாரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பார்த்தால், புதுச் சட்டை, புதுப் பல். நல்ல சேதி எல்லாம் கடிதத்தில் வரட்டும். ஓய்வறைக்குப் போனதும் நானே கூப்பிடுகிறேன், அவள் போனைப் பிடுங்கி வாயில் வைக்கிற வரைக்கும் பேசலாம்.

ஷமீரா

நாகப்பட்டினம்
20 ஜனவரி 2025

வ அலைக்கும் ஸலாம், ஷமீரா.

நீ அனுப்பிய கடைசி ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டு நூர்ஜஹானின் ஆட்டுக்குட்டிக்குப் போட்டிருக்கிறேன். அதற்கு அளவு சரியாக இருக்கிறது. உன் பிள்ளைக்கு வியர்க்கிறது.

தையல் மெஷின் பக்கம் விடாதே என்கிறாய். அவளுக்கு இந்த வீட்டில் பிடித்த இடமே அதுதான். மெஷினின் இரும்புக் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். ஊசிக்குக் கை எட்டாது. மிதிபலகை அசையாமல் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். அவள் தூங்கும்போதுதான் கயிற்றை அவிழ்த்துத் தைக்கிறேன். ரவிக்கைக்காரிகள் எல்லாரும் என் மீது கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பயிற்சிச் சேதியைப் படித்துவிட்டு வெளியே போய் யாரிடமாவது சொல்லத் தோன்றியது. அதற்குத் தோதாக ஆமினா வந்தாள். உன்னை வேலையை விடச் சொன்னவர்களில் முதல் ஆள் அவள்தான், மறந்திருக்க மாட்டாய். இப்போது குரலை இறக்கிக் கேட்கிறாள், "உங்க தம்பி பொண்டாட்டி எந்த ரயிலு ஓட்டுது?" "எல்லா ரயிலும் அவதான் ஓட்டுறா" என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டாள்.

காரைக்காலிலிருந்து கரி வண்டி வரும் நேரம் அஃப்ரீனைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போகிறேன். எந்த என்ஜின் வந்தாலும் கை ஆட்டுகிறாள். ஓட்டுகிறவர்களும் ஆட்டுகிறார்கள். நீ இல்லாத என்ஜினைப் பார்த்தும் சிரிக்கிறாள் என்று வருத்தப்படாதே.

போன் விஷயம் நினைவிருக்கிறது. உனக்குச் செய்தி அனுப்பக்கூடாது என்று இருந்து இருந்து, இப்போது மஸ்கட்டிலிருந்து தம்பி ஜாஃபர் கூப்பிட்டால்கூட எனக்குத் திக்கென்கிறது. உன்னைப் பிடித்த பயம் எனக்கும் தொற்றிவிட்டது.

நன்றி என்று இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

கமருன்னிஸா

நாகப்பட்டினம்
11 பிப்ரவரி 2025

ஷமீரா,

அஃப்ரீனின் துணிகள், தொட்டில் சேலை, இருமல் மருந்து எல்லாவற்றையும் அமிர்தத்திடம் கொடுத்திருக்கிறேன். சேலை இல்லாமல் அவள் தூங்க மாட்டாள்; அன்று அவளைத் தூக்கிக்கொண்டு நீ போன வேகத்தில் அதை எடுக்கவில்லை.

தப்பு என்னுடையது, அதை முதலில் எழுதிவிடுகிறேன். அன்று காலை அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல உட்கார்ந்துவிடுவாள் என்று பார்த்தேன். கையை விட்டுவிட்டாள். எதையும் பிடிக்காமல், யாரும் தாங்காமல், தானாக நின்றாள். போன் பக்கத்தில் இருந்தது, படம் எடுத்தேன். நம் பேச்சு எனக்கு மறக்கவில்லை. ஆனால் பெற்ற தாய்க்கு இதைக் கடிதத்திலா சொல்வது, அது போய்ச் சேர்வதற்குள் இவள் ஓடவே ஆரம்பித்துவிடுவாளே என்று தோன்றியது. அனுப்பிவிட்டேன். போனை அங்கேயே போட்டுவிட்டு நூர்ஜஹானிடம் காட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதனால்தான் நீ கூப்பிட்டது கேட்கவில்லை.

அங்கே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்; பேச்சில் மதியம் ஆனதே தெரியவில்லை. நடுவில் அவளை நிறுத்தி எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீ யூனிஃபார்மோடு வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ பிள்ளையைப் பறித்ததிலும் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் பறித்திருப்பேன்.

ஆனால் அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாயே: "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு."

இந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. என் மாமியார் சொன்னார். என்னை இந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியபோது அந்த மனிதரும் சொன்னார். இந்த மெஷினில் வந்து உட்கார்ந்தேன். ஊரில் யார் சொன்னாலும் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்டேன். உன்னிடமிருந்து வரும் என்று மட்டும் நான் காதைப் பொத்தி வைத்திருக்கவில்லை.

இருமல் மருந்தை நன்றாகக் குலுக்கிக் கொடு.

கமருன்னிஸா

தஞ்சாவூர்
14 பிப்ரவரி 2025

லாத்தா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான் சொன்னது மன்னிக்கக்கூடிய வார்த்தை இல்லை. அதனால் மன்னிப்பு கேட்கவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று நெல் வண்டிக்கு என்னைப் போட்டிருந்தார்கள். மது சோதனைக் கருவியில் ஊதிக் காட்டி, நன்றாக ஓய்வெடுத்தேன், வேலைக்குத் தகுதியாக இருக்கிறேன் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. போனை அணைக்கப் போகிறேன், திரையில் உங்கள் பெயர். அதற்குக் கீழே 'படம்' என்ற ஒரே சொல். என்ன படம்? அடிபட்ட காலா, ஆஸ்பத்திரிக் கட்டிலா? விரல் திரையைத் தொட மறுத்துவிட்டது. கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். செந்தில்குமார் சார், "தொறந்து பாத்துருமா" என்றார். திறக்காத வரைக்கும் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான்.

"சார், நான் ஏற மாட்டேன். நான் சரியா இல்ல" என்றேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். வேறொரு துணை வரும் வரை அந்த வண்டி நின்றது. நான் பஸ்ஸில் ஏறினேன். திருவாரூர் தாண்டும்போது போனை எடுத்தேன், திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

உங்கள் வீடு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அந்த நேரம் என் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம். பயந்து பயந்து வந்த எனக்கு, எல்லாரும் சிரித்தது அவமானமாகப் பட்டது. யாரையாவது குத்தினால்தான் மூச்சு வரும் என்று இருந்தது. எங்கே குத்தினால் ஆழமாக இறங்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, லாத்தா. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்தப் படத்தை நேற்றுத்தான் திறந்தேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறாள். படத்தின் ஓரத்தில் உங்கள் இடது கை இருக்கிறது. ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டே, அவள் விழுந்தால் பிடிக்க மறு கையை நீட்டியிருக்கிறீர்கள். அவளுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. நான் சொன்ன வார்த்தைக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா? அதை நீங்கள் முன்கூட்டியே அனுப்பிவிட்டீர்கள்.

விடுப்பில் இருக்கிறேன். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டேன், அவள் தேடுவது என்னை இல்லை.

ஷமீரா

நாகப்பட்டினம்
21 பிப்ரவரி 2025

ஷமீரா,

கோபம் தீர்ந்துவிட்டது. நீ எழுதியதற்கு முன்பே பாதி தீர்ந்திருந்தது.

பயம்தான் தீரவில்லை. நாளைக்கு நிஜமாகவே அவளுக்கு ஒரு காய்ச்சல் முற்றிப்போனால், இவள் பெறாதவள், அதனால்தான் இவளுக்குத் தெரியவில்லை என்று நீ சொல்ல வேண்டியதில்லை. நானே சொல்லிக்கொள்வேன். அப்படி ஒரு நாளைக் கற்பனை செய்துகொண்டு என்னால் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது.

அதனால் அவளை இங்கே கொண்டுவர வேண்டாம். அங்கே நல்ல ஆளாகப் பார்.

கமருன்னிஸா

தஞ்சாவூர்
1 மார்ச் 2025

லாத்தா,

நெல் வண்டி நின்றதற்கு விளக்கம் கேட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி ஹரிஹரசுப்ரமணியன் சார். கண்டிப்பானவர் என்று பெயர். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு, முடிந்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். எனக்குப் பொய் வரவில்லை. குழந்தை முதல் தடவை நின்ற படம் வந்தது, அதைத் திறந்து பார்க்கப் பயந்து இறங்கிவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அது எவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்டது தெரியுமா?

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பயந்தது வேணா தப்பா இருக்கலாம். இறங்குனது தப்பில்ல. அந்த மனசோட ஏறியிருந்தேன்னா அதுக்குத்தான் உன்னக் கேள்வி கேட்டிருப்பேன்" என்றார். பிறகு, பயிற்சிக்குப் பெயர் இருக்கிறதே, போகிறாயா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

யோசித்துவிட்டேன். ஆள் தேடிப் பார்த்தேன். ஒரு அம்மா வந்தார், அஃப்ரீன் அவர் தோளில் முகத்தை வைக்க மறுத்து நாள் முழுக்க அழுதாள். காப்பகம் இருக்கிறது, ஆனால் சரக்கு வண்டி எப்போது புறப்படும், எப்போது திரும்பும் என்று எங்களுக்கே தெரியாதபோது அவர்களிடம் எந்த நேரத்தைச் சொல்வது? அதனால் பயிற்சி வேண்டாம், அலுவலகத்தில் ஒரு மேஜை வேலை கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். யாருக்கு எந்த வண்டி என்று போடுகிற வேலை. மோசமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இது உங்களைக் குத்த எழுதுவது இல்லை, நம்புங்கள். இந்த ஆறு மாதம் நான் என்ஜினில் நின்று, வயலும் வாய்க்காலும் பின்னால் ஓட ஓட, 'பச்சை' என்று சத்தமாகச் சொன்னேனே, அது நீங்கள் கொடுத்தது. அது போதும் எனக்கு. நிறையப் பெண்களுக்கு அவ்வளவுகூடக் கிடைப்பதில்லை. திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, நன்றி.

ஷமீரா

நாகப்பட்டினம்
7 மார்ச் 2025

ஷமீரா,

நோன்பு வைத்துக்கொண்டு திட்டக்கூடாது என்பதற்காக, நோன்பு திறந்து கஞ்சியையும் குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேஜை வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு. ரயில் ஓட்டுகிறவள் நம் வீட்டில் ஒருத்தி இருக்கட்டும் என்று நான் சொன்னது உனக்காக மட்டும் என்று நினைத்தாயா? அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. என்னைக் கேட்காமல் நீ எப்படி அதை விடலாம்? ஆமினாவிடம் எல்லா ரயிலும் நீதான் ஓட்டுகிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி எல்லா ரயிலுக்கும் மேஜையில் ஆள் போடுகிறாய் என்று மாற்றிச் சொன்னால் என் மானம் என்ன ஆவது?

போன கடிதத்தில் பயம் என்று எழுதினேன். இப்போதும் பயம்தான். ஆனால் இந்த இரண்டு வாரத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். அவள் இங்கே இல்லாததால் என் பயம் குறையவில்லை. அங்கே இருமுகிறாளோ என்று நினைத்து ஒரு ரவிக்கையின் கையை மாற்றித் தைத்துவிட்டேன். சும்மா இருந்து பயப்படுவதைவிட, அவளைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படலாம்.

ஆனால் இனி நான் சொல்கிறபடிதான். போன் பேச்சு ரத்து. தினமும் ஒரு படம் வரும். சோறு தின்றது, மூக்கு ஒழுகியது, சண்டித்தனம் செய்தது எல்லாம் வரும். வண்டியை விட்டு இறங்கின பிறகு பார். நல்லதை எல்லாம் தள்ளி வைத்துப் போனைக் கெட்டதுக்கு மட்டும் என்று வைத்தோமே, அங்கேதான் இரண்டு பேரும் முட்டாளானோம். அப்புறம், காய்ச்சல் என்றால் எந்த டாக்டர், எந்த நேரம் என்று நான்தான் முடிவு செய்வேன். நீ கேள்வி கேட்கலாம், திட்டக்கூடாது.

கடைசியாக ஒன்று. இதை மறைத்து வைத்துக்கொண்டு பிள்ளையை வாங்க எனக்கு மனமில்லை. அவள் என்னைப் பார்த்து "உம்மா" என்கிறாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. "மாமி சொல்லு, மாமி" என்று ஒவ்வொரு தடவையும் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் உடனே திருத்தினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எழுதிவிட்டேன். இனி அவளைக் கொண்டுவருவதும் வராததும் உன் இஷ்டம்.

கமருன்னிஸா

திருச்சி
9 ஏப்ரல் 2025

அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா.

வகுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். என் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டு உட்காருகிறார்கள், நான் ஏதோ முதலமைச்சர் மாதிரி. இன்றைக்கு வந்த படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். முகமெல்லாம் பருப்புச் சோறு. பக்கத்தில் இருந்தவரிடமும் காட்டினேன். போனில் உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்னும் ஒரு நொடி பயம் வரத்தான் செய்கிறது. முதலில் எல்லாம் அது அரை நாள் போகாது.

பெருநாளன்று அவளை உங்கள் மடியில் விட்டு வந்தபோது நீங்கள் கடைசியாக எழுதிய 'உம்மா' விஷயத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பிரியாணிச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் இரண்டு பேரும் கொல்லைப்புறத்தில் நின்று நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நமக்கும் நெல் விலைக்கும் என்ன சம்பந்தம்?

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வலித்தது. அவள் என் வயிற்றில் இருந்தபோது அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். அது முதலில் வேறு வாசலுக்குப் போய்விட்டதே என்று இருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவளைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். உங்கள் சேலை, உங்கள் வாசம். அவள் தூக்கத்திலேயே கையை நீட்டி அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்குத் தோன்றியது: அவளுக்கு அது ஒரு ஆளின் பெயரே இல்லை. பயந்தால் கூப்பிடுவது, பசித்தால் கூப்பிடுவது, எழுந்து நின்றால் பார் என்று கூப்பிடுவது. அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் அங்கே ஆள் இருந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவள் வெறும் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டதில்லை. இதைவிட நான் யாரிடம் என்ன கேட்டிருக்க முடியும்?

அன்று நூர்ஜஹான் வீட்டில் அத்தனை பேர் முன்னால் ஒன்று சொன்னேன். இதையும் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியவள் நான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொல்வேன், நூர்ஜஹானைக் கூப்பிட்டு வையுங்கள். ஆமினாவும் இருக்கட்டும். அதுவரைக்கும் கடிதத்தில் சொல்கிறேன்.

திருத்தாதீர்கள், லாத்தா. நான் வாசலில் வந்து நிற்கும்போது அவள் "உம்மா" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

ஷமீரா